எரித்தது போக எஞ்சிய சுரப்பி: புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹைஃபு சிகிச்சையின் பலன்களை எப்படிப் படிப்பது

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் உள்ள பெரியப்பா வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு பிளாஸ்டிக் உறை பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் மூன்று ஆண்டுகளின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தன, பி.எஸ்.ஏ. (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதம்) அளவு 4.1, 5.6, 7.3 என்று ஏறியிருந்தது. திசுப் பரிசோதனை அறிக்கையில் புற்றுநோயின் தீவிரத்தைக் குறிக்கும் மதிப்பெண் கிளீசன் 3+4 என்றும், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சுரப்பியின் இடது பின்பக்கத்தில் ஒரே ஒரு கட்டி என்றும் எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஹைஃபு சிகிச்சையைப் பற்றிப் பேரன் அச்சிட்டுக் கொடுத்த ஒரு தாள். அதில் ‘90 விழுக்காடு வெற்றி’ என்ற வரியின் கீழே பெரியப்பா சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

“தொண்ணூறு பேருக்குச் சரியாப் போச்சுன்னு போட்டிருக்கு. என்ன சரியாப் போச்சு? அதைச் சொல்லுப்பா,” என்றார்.

மருத்துவச் செய்திகளை நாற்பது ஆண்டுகளாகப் படித்துவரும் என்னிடம் இதைவிடக் கூர்மையான கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஹைஃபு எனப்படும் குவித்த மீயொலிச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது, வெற்றி என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு அளவுகோல்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த விழுக்காட்டையும் நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

முதலில் சிகிச்சை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளின் வயிற்றில் குழந்தையைப் பார்க்கப் பயன்படும் அதே வகை ஒலியலைகளைப் பல மடங்கு வலுவாக்கி ஒரே புள்ளியில் குவித்தால், அந்தப் புள்ளியில் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் செல்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து உறைவதைப் போல அங்குள்ள திசு உறைந்து மடிகிறது. ஒவ்வொரு முறையும் எரியும் பகுதி ஒரு நீள அரிசியின் அளவுதான் இருக்கும். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, மலக்குடல் வழியாக ஒரு கருவியைச் செலுத்தி, சில விநாடிகள் ஒலியைச் செலுத்துவதும் சில விநாடிகள் நிறுத்துவதுமாக, அரிசி அரிசியாக அடுக்கி, குறித்த பகுதி முழுவதையும் மருத்துவர் எரித்து முடிக்கிறார். கத்தி படுவதில்லை, கதிர்வீச்சும் இல்லை. பெரும்பாலோர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். சிறுநீர் வடிய ஒரு குழாய் மட்டும் ஒரு வார காலத்துக்கு உடன் இருக்கும்.

ஒலியைக் குவித்துத் திசுவை அழிக்கும் எண்ணம் பழையது. 1950-களிலேயே அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள் மூளைத் திசுவில் அதைச் செய்து பார்த்தார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு அதை எடுத்து வந்தவர்களில் முன்னோடிகள் பிரான்சின் லியோன் நகரத்தவர்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது, ஆப்லாதெர்ம் என்ற கருவியும் அங்கேதான் உருவானது. சோனாபிளேட் அமெரிக்காவில் உருவான கருவி. அந்த நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2015-ல் இரண்டுக்கும் அனுமதி அளித்தபோது, ‘புராஸ்டேட் திசுவை அழிக்கும் கருவி’ என்றுதான் அனுமதித்தது. ‘புராஸ்டேட் புற்றுநோயைக் குணப்படுத்தும் கருவி’ என்று அனுமதிக்கவில்லை. திசு மடிகிறது என்பதற்குச் சான்று இருந்தது. புற்றுநோய் கட்டுப்படுகிறது என்பதற்கு அவர்கள் எதிர்பார்த்த அளவில் சான்று அப்போது இல்லை. விளம்பரத் தாள்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை என்பதால் நான் அழுத்திச் சொல்கிறேன்.

தொடக்க ஆண்டுகளில் சுரப்பி முழுவதையும் எரித்தார்கள். லியோன் குழு 2014-ல் 1002 நோயாளிகளின் பலன்களை வெளியிட்டது. பத்து ஆண்டு முடிவில் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்காதவர்கள் 97 விழுக்காடு, உடலின் பிற பகுதிகளுக்கு நோய் பரவாதவர்கள் 94 விழுக்காடு. கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதே ஆய்வில் பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறாமல் எட்டு ஆண்டு கடந்தவர்கள், குறைந்த அபாயப் பிரிவில் 76 விழுக்காடு, நடுத்தரத்தில் 63, அதிக அபாயத்தில் 57 மட்டுமே. ஒரே ஆய்வு, ஒரே நோயாளிகள். எதை வெற்றி என்று எண்ணுகிறோமோ அதற்கேற்ப விடை 97-ஆகவும் இருக்கலாம், 57-ஆகவும் இருக்கலாம். பெரியப்பாவுக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

முழுச் சுரப்பியையும் எரித்தபோது சிறுநீர் அடைப்பும் கசிவும் கணிசமாக இருந்தன. எம்.ஆர்.ஐ. படங்கள் கட்டி இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டத் தொடங்கிய பிறகு, கட்டியையும் அதைச் சுற்றி ஒரு விளிம்பையும் மட்டும் எரித்து மீதிச் சுரப்பியை விட்டுவைக்கும் முறை வளர்ந்தது. இன்று ஹைஃபு என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தப் பகுதிச் சிகிச்சையைத்தான் சொல்கிறார்கள்.

பிரிட்டன் இந்தப் பகுதிச் சிகிச்சையின் பலன்களை விடாமல் பதிந்துவந்த நாடுகளில் ஒன்று. 2018-ல் 625 ஆண்களின் விவரம் வெளியானது. ஐந்து ஆண்டில் ‘தோல்வியின்றி’ இருந்தவர்கள் 88 விழுக்காடு, நோய் பரவாமல் இருந்தவர்கள் 98 விழுக்காடு, கசிவை உறிஞ்சும் பேட் எதுவும் தேவைப்படாமல் சிறுநீரைக் கட்டுப்படுத்தியவர்கள் 98 விழுக்காடு, விறைப்புக் குறைபாடு ஏறத்தாழ 15 விழுக்காடு. 2022-ல் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1379 ஆண்களின் விரிவான பதிவேடு வெளியானது. பெரும்பாலோர் நடுத்தர அல்லது அதிக அபாயப் பிரிவினர். அதில் ஏழு ஆண்டில் தோல்வியின்றி இருந்தவர்கள் 69 விழுக்காடு. ஐந்தாம் ஆண்டின் 88-க்கும் ஏழாம் ஆண்டின் 69-க்கும் உள்ள இடைவெளிக்கு இரு கூட்டங்களும் ஒன்றல்ல என்பது ஒரு காரணம்; ஆனால் காலம் கூடக்கூட எண் இறங்குகிறது என்பதையும் மறைக்க முடியாது.

இங்கே ‘தோல்வி’ என்ற சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிட்டிஷ் ஆய்வுகளில் தோல்வி என்றால் அறுவைச் சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ ஹார்மோன் போன்ற உடல் முழுவதற்குமான மருந்துக்கோ மாற வேண்டி வந்தது, நோய் பரவியது, அல்லது அந்த நோயால் இறந்தது. முதல் முறை எரித்த பிறகு மீண்டும் புற்றுநோய் தென்பட்டு, இரண்டாம் முறை அதே ஹைஃபு செய்துகொண்டால் அது தோல்விக் கணக்கில் வராது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பகுதிச் சிகிச்சையை மறுபடி செய்ய முடியும் என்பதே அதன் சிறப்பு என்று அந்த மருத்துவர்கள் வெளிப்படையாக வாதிடுகிறார்கள், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ‘ஒரே தடவையில் முடிந்துவிடும்’ என்று எண்ணிக்கொண்டு மேசையில் படுக்கும் நோயாளிக்கு 88 என்ற எண் வேறொரு பொருளைத் தருகிறது. அவர் கேட்க வேண்டிய கேள்வி, அந்த 88 பேரில் எத்தனை பேர் இரண்டு முறை மேசையில் படுத்தார்கள் என்பதுதான்.

மற்றொரு அளவுகோல் திசுப் பரிசோதனை. எரித்த பிறகு ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே வைத்து மீயொலியைக் குவித்த ஓர் அமெரிக்க ஆய்வு, நடுத்தர அபாயமுள்ள 101 ஆண்களைப் பற்றி 2022-ல் வெளியானது. இரண்டு ஆண்டுக்குப் பின் திசுப் பரிசோதனை செய்துகொண்ட 89 பேரில் 78 பேருக்கு, அதாவது 88 விழுக்காட்டினருக்கு, எரித்த பகுதியில் கவலைக்குரிய புற்றுநோய் இல்லை. ‘எரித்த பகுதியில்’ என்ற சொற்களை விட்டுவிட்டுப் படித்தால் பொருளே மாறிவிடும். எரிக்காமல் விட்ட பக்கத்தில் புதிதாகவோ, முன்பு படத்தில் தென்படாமலோ புற்றுநோய் இருக்கலாம். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே இடத்தில் மட்டும் முளைப்பதில்லை. சிறுநீர்ப்பாதை வழியாகக் கருவியைச் செலுத்தி முழுச் சுரப்பியையும் எரிக்கும் டல்சா என்ற முறையில் 115 ஆண்கள் சேர்ந்த ஆய்விலும், ஓராண்டுக்குப் பின் 65 விழுக்காட்டினருக்குத்தான் திசுவில் புற்றுநோய் சிறிதும் தென்படவில்லை.

பகுதிச் சிகிச்சையில் பி.எஸ்.ஏ. ஏன் தெளிவான விடை தருவதில்லை என்பதும் இதனோடு சேர்ந்ததுதான். அறுவைச் சிகிச்சையில் சுரப்பியே போய்விடுவதால் பி.எஸ்.ஏ. ஏறக்குறையப் பூஜ்யமாகிவிட வேண்டும்; பிறகு சிறிது ஏறினாலும் எச்சரிக்கை மணி. பகுதிச் சிகிச்சையில் பாதிச் சுரப்பிக்கு மேல் உயிரோடு இருந்து பி.எஸ்.ஏ.-வைச் சுரந்துகொண்டே இருக்கும். எந்த அளவுக்கு இறங்கினால் நிம்மதி, எந்த அளவுக்கு ஏறினால் கவலை என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரம்பு இல்லை. ஆகவே எம்.ஆர்.ஐ.-யும் திசுப் பரிசோதனையும் தொடர்ந்து தேவைப்படுகின்றன.

பிரான்சில் 46 மருத்துவமனைகள் சேர்ந்து 3328 ஆண்களை வைத்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வைப் பலரும் இப்போது மேற்கோள் காட்டுகிறார்கள். பேரன் தந்த தாளில் இருந்த 90-ம் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் ஹைஃபு, மறு பக்கம் சுரப்பியை முழுதாக அகற்றும் அறுவைச் சிகிச்சை. முப்பது மாதங்களில் வேறு சிகிச்சை தேவைப்படாமல் இருந்தவர்கள் ஹைஃபுவில் 90 விழுக்காடு, அறுவையில் 86 விழுக்காடு. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் விறைப்பிலும் ஹைஃபு பெற்றவர்களுக்கு இழப்பு குறைவு. இது பெரிய, நேர்மையான ஆய்வு. இருந்தும் நான் அதிலிருந்து ‘ஹைஃபு அறுவையைவிட மேல்’ என்ற முடிவுக்குப் போக மாட்டேன். நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. ஹைஃபு பெற்றவர்களின் வயது 75-ஐ ஒட்டியும், அறுவை பெற்றவர்களின் வயது 65-ஐ ஒட்டியும் இருந்தது. அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. சிறிது ஏறினாலே விரைவில் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம், அது தோல்வியாக எண்ணப்படும். 75 வயது ஹைஃபு நோயாளிக்கு அதே வேகத்தில் அடுத்த சிகிச்சை கொடுக்கப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது மாதம் என்பது இந்த நோயின் நடைக்கு மிகக் குறுகிய காலம்.

எவ்வளவு குறுகியது என்பதைத் தென்னாப்பிரிக்கர்களாகிய நாம் கண்ணால் பார்த்தவர்கள். நெல்சன் மண்டேலாவுக்கு 2001-ல், 83-ஆம் வயதில், புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டுக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. அவர் 95 வயது வரை வாழ்ந்தார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 1997-ல் கண்டறியப்பட்டது. அவர் 2021 டிசம்பரில் 90 வயதில் காலமானார். பிரிட்டனில் 1643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவை, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவினருக்குத் தேவை வரும் வரை கண்காணிப்பு என்று வைத்துப் பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. மூன்று பிரிவிலும் சேர்த்து அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. உடனே ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பில் தொடங்கினாலே பதினைந்து ஆண்டில் நூற்றுக்கு 97 பேர் அந்தப் புற்றுநோயால் இறப்பதில்லை என்றால், எந்தப் புதிய சிகிச்சையும் ஐந்து ஆண்டில் 98 அல்லது 100 என்று காட்டுவது அந்தச் சிகிச்சையின் பெருமை அல்ல. கிளீசன் 6 என்று வரும், தீவிரம் குறைந்த சிறு கட்டிகளுக்கு ஹைஃபு செய்து பெற்ற ‘வெற்றி’களைப் பற்றி எனக்குள்ள கோபமும் இதுதான்: அவர்களில் பலருக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் ஹைஃபுவின் உண்மையான பலன் எங்கே? வாழ்க்கைத் தரத்தில். மேலே சொன்ன பிரிட்டிஷ் குலுக்கல் ஆய்வில் அறுவைக்கு ஆறு மாதம் கழித்து 46 விழுக்காட்டினர் பேட் அணிந்தார்கள். ஆறு ஆண்டு கழித்தும் 17 விழுக்காட்டினர் அணிந்தார்கள். உடலுறவுக்குப் போதுமான விறைப்பு சிகிச்சைக்கு முன் 67 விழுக்காட்டினருக்கு இருந்தது, அறுவைக்கு ஆறு மாதம் கழித்து 12 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஆய்வுக்கு ஆய்வு அளவுகோல் மாறுவதால் நேருக்கு நேர் வைத்துக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆயினும் பகுதி ஹைஃபுவில் இந்த இழப்புகள் பெரிதும் குறைவு என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் சமூகத்தில் இதை வாய்விட்டுச் சொல்ல ஆண்கள் கூசுகிறார்கள். கோயிலில் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார முடியுமா, பஸ்ஸில் டர்பன் வரை போய் வர முடியுமா, மனைவியோடு முன்பு போல இருக்க முடியுமா என்பவை உயிர் பிழைப்பதற்கு அடுத்த கேள்விகள் அல்ல. 68 வயது மனிதருக்கு அவையும் உயிர்தான்.

பக்க விளைவே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இச்சிகிச்சை பெற்ற ஒருவர், குழாயை எடுத்த பிறகு மூன்று நான்கு வாரம் சிறுநீரோடு நனைந்த காகிதத் துணுக்குகள் போலச் செத்த திசு வந்துகொண்டே இருந்ததாகவும், ஒரு நாள் இரவு அது அடைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருந்ததாகவும் சொன்னார். யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் அவரை அதிகம் அச்சுறுத்தியது. சிறுநீர்த் தொற்று பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பாதைக்கும் இடையே துளை விழுவது மிக அரிது, ஆனால் விழுந்தால் கொடியது. முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அந்த அபாயம் கூடும்.

எல்லாக் கட்டிகளுக்கும் இது பொருந்துவதும் இல்லை. மலக்குடல் வழியாகச் செல்லும் ஒலி சுரப்பியின் முன்பக்கக் கட்டிகளை எட்டுவது கடினம். சுரப்பி மிகப் பெரிதாக இருந்தாலும், உள்ளே சுண்ணாம்புப் படிவு இருந்தாலும் ஒலி தடைப்படும். அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், நடுத்தர அபாயமுள்ளவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம், ஆனால் அறுவையோடும் கதிர்வீச்சோடும் ஒப்பிட்ட உயர்தரச் சான்று போதாது என்பதை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல், ஆய்வு அல்லது பதிவேட்டின் வரம்புக்குள் மட்டுமே செய்யச் சொல்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மேலே சொன்ன எண்கள் அனைத்தும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், நோயாளியை ஆண்டுதோறும் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் திசு எடுத்து, மீண்டும் எரிக்கவோ அறுவைக்கு அனுப்பவோ தயாராக இருந்த மருத்துவமனைகளில் கிடைத்தவை. பகுதிச் சிகிச்சையின் பலன் மேசையில் நடப்பதில் பாதி, அதற்குப் பின் வரும் கண்காணிப்பில் பாதி. இந்த நாட்டில் மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் குறைவு. மீதிப் பேர் அரசு மருத்துவமனையை நம்பியிருப்பவர்கள். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோய் மருத்துவர்களும் கதிர்வீச்சுக் கருவிகளும் போதாமல் நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்ததை மனித உரிமை ஆணையம் 2017-ல் உரிமை மீறல் என்றே அறிவித்தது. அத்தகைய வரிசையில் நிற்பவருக்கு, ஒரே முறையில் சுரப்பியை எடுத்துவிட்டுப் பி.எஸ்.ஏ. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது, பாதிச் சுரப்பியை விட்டுவைத்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ.-க்கு அலைவதைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம். வசதியுள்ளவர்களுக்கும், முதல் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் மெடிக்கல் எய்ட் மூன்றாம் ஆண்டின் எம்.ஆர்.ஐ.-க்கும் சம்மதிக்குமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பெரியப்பாவின் கட்டி இடது பின்பக்கத்தில், ஒரே இடத்தில், நடுத்தர அபாயத்தில் இருக்கிறது; பகுதிச் சிகிச்சைக்கு ஏற்ற கட்டி என்று அவருடைய மருத்துவரும் சொன்னார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போனோம். இதுவரை எத்தனை பேருக்கு நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை தேவைப்பட்டது. ஓராண்டில் திசுப் பரிசோதனை கட்டாயமா. பிறகு அறுவை தேவைப்பட்டால் அது எவ்வளவு கடினமாகும். மருத்துவர் கடைசிக் கேள்விக்கு நீண்ட நேரம் பதில் சொன்னார். எரிந்த இடத்தில் திசுக்கள் ஒட்டிக்கொள்வதால் அறுவை கடினமாகும், செய்ய முடியாததாகிவிடாது, ஆனால் சிறுநீர்க் கசிவின் அபாயம் முதல் முறையே அறுவை செய்வதைவிடக் கூடும் என்றார்.

பெரியப்பா இன்னும் முடிவெடுக்கவில்லை. மெடிக்கல் எய்டுக்கு மருத்துவர் எழுதிய காரணக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அடுத்த பி.எஸ்.ஏ. பரிசோதனைத் தேதியைப் பெரியம்மா குளிர்பெட்டிக் கதவிலுள்ள காலண்டரில், சித்திரைப் பௌர்ணமிக்கு இரண்டு கட்டம் தள்ளி, அதே சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.